ஆள்காட்டிக் குருவி மதில்மேல் உட்காராத காரணம்

பறவைக்கும் மனிதனுக்கும் பேச்சு ஒன்றாக இருந்த காலம் அது. குருவி சொன்னால் மனிதன் காது கொடுப்பான். மனிதன் கேட்டால் குருவி பதில் சொல்லும். அப்போது ஆள்காட்டிக் குருவி இன்றைக்குப் போலத் தரிசு நிலத்தில் ஓடித் திரியவில்லை. கோட்டை மதில்மேல், தலைவாசலுக்கு நேர் மேலே, கல் இடுக்கில் கூடு வைத்து வாழ்ந்தது. அதன் குரலும் இப்படிக் கீச்சென்று இருக்காது. வேலையாகப் போகிறவர்கள்கூட நின்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

சமவெளி ஊர்களிலிருந்து செவ்வேள் மலைக்கு ஒரு நடைபாதை போனது. பங்குனி பிறந்தால் சனங்கள் காவடி எடுத்துக்கொண்டு அந்தப் பாதையில் நடப்பார்கள். வழி நெடுகக் கோட்டை ஊர்கள். ஒரு பகல் நடந்தால் ஒரு கோட்டை வரும். ஒவ்வொரு கோட்டைக்குள்ளும் ஒரு மடம் இருக்கும். மடத்தில் கஞ்சி கிடைக்கும், படுக்க இடம் கிடைக்கும், விடிந்ததும் அடுத்த கோட்டைக்கு நடக்கலாம். கொள்ளைக்காரர்களுக்குப் பயந்து கட்டிய கோட்டைகள் அவை. கட்டியவர்களும் அந்தப் பாதையில் நடந்த சனங்கள்தான். கல் சுமப்பதும் மண் சுமப்பதும் அவர்களுக்கு வேண்டுதல்.

அந்தக் கோட்டைகளில் பெரியது நெடுமதில். அதன் உள்ளே ஒரு குளம் இருந்தது. மலைக்குப் போகிற ஒவ்வொருவரும் ஆளுக்கொரு கூடை மண் எடுத்துக் கரையில் போட்டுப் போட்டு உண்டான குளம். எந்தக் கோடையிலும் அது வற்றியதில்லை.

நெடுமதில் வாசலில்தான் நம் குருவி இருந்தது. தூரத்தில் ஆட்கள் தெரிந்தால் அது குரல் கொடுக்கும். காவலர்கள் கதவைத் திறப்பார்கள். மடத்தில் உலை வைப்பார்கள். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டுவிட்டு உள்ளே நுழைவார்கள். ஆட்கள் வருவதைக் காட்டுவதால் அதற்கு ஆள்காட்டி என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில் குருவிக்குப் பெருமையும் இருந்தது.

ஒரு வருடம் மழை ஏமாற்றிவிட்டது. வழியில் இருந்த கிணறுகள் எல்லாம் வறண்டன. நெடுமதில் குளத்தில் மட்டும் தண்ணீர் தளும்பியது. அந்தப் பங்குனியில்தான் கோட்டைத் தலைவன் வேட்டரையன் தன் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தான். மாப்பிள்ளை பெரிய இடம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் தெப்பத்தில் ஏற்றிக் குளத்தைச் சுற்றி வரவேண்டும் என்று அவனுக்கு ஆசை.

ஒரு நாள் காலையில் அவன் மதில்மேல் ஏறி வந்தான்.

"குருவி, இனிமேல் ஆட்கள் கிட்டே வரும்வரை காத்திருக்காதே. அதோ, பனந்தோப்புத் திருப்பத்தில் தலை தெரிந்ததுமே குரல் கொடுத்துவிடு."

"எதற்குத் தலைவரே, அவ்வளவு முன்னால்?"

"வெயில் கடுமையாக இருக்கிறது. களைத்து வருகிறவர்களுக்கு வேண்டியதை முன்கூட்டியே செய்து வைக்கலாம் இல்லையா?"

குருவிக்கு அந்தப் பேச்சு பிடித்துப்போயிற்று. தலைவனுக்கு எவ்வளவு இரக்கம் என்று நினைத்துக்கொண்டது. அப்போது அது கூட்டில் முட்டை வைத்திருந்த நேரம். ஆனாலும் முட்டைமேல் உட்கார்ந்தபடியே பனந்தோப்பின் மேல் ஒரு கண் வைத்திருந்தது.

மறுநாள் உச்சி வெயிலில் திருப்பத்தில் காவடிகள் தெரிந்தன. குருவி உற்சாகமாகக் குரல் கொடுத்தது. கீழே சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. கதவை இன்னும் அகலமாகத் திறக்கிறார்கள் என்றுதான் அது எண்ணியது. எட்டிப் பார்த்தால், கல்யாண வேலைக்காகத் திறந்து வைத்திருந்த கதவைக் காவலர்கள் இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள். உள்ளே தாழ்மரம் விழுந்தது.

வந்தவர்கள் வாசலில் நின்று திகைத்தார்கள். கூட்டத்துக்கு முன்னால் வெள்ளாத்தாள் என்ற பெண் தன் தகப்பன் நஞ்சப்பனைக் கைத்தாங்கலாக அழைத்து வந்திருந்தாள். அவள் கதவைத் தட்டினாள்.

"ஐயா, நாங்க உள்ள வரல. ஒரு குடம் தண்ணி மட்டும் வெளிய வைங்க. குடிச்சிட்டுப் போயிடறோம்."

"உத்தரவு இல்லை" என்றான் மேலே நின்ற காவலன்.

நஞ்சப்பன் மதிலைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். "தம்பி, இந்தக் குளத்துக்கு வருசா வருசம் மண் சுமந்தவன் நான். தெக்குக் கரையில நான் போட்ட மண்ணும் கிடக்குது. எனக்கா தண்ணி இல்லங்கிற?"

காவலன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டான். நஞ்சப்பன் அப்படியே சரிந்து உட்கார்ந்தார்.

குருவி விருட்டென்று எழும்பியது. நேரே குளக்கரைக்குப் பறந்தது. வேட்டரையன் அங்கே தெப்பத்துக்கு வர்ணம் பூசுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்ன அநியாயம் இது? என்னைக் கத்தச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறாயே!"

"கத்து என்றேன், கத்தினாய். கதவு என்னுடையது. அதைத் திறப்பதும் சாத்துவதும் என் இஷ்டம்."

"வெளியே நாக்கு வறண்டு கிடக்கிறார்கள். குளம் தளும்புகிறது!"

"தளும்பத்தான் வேண்டும். இன்றைக்கு ஒரு கூட்டத்துக்குத் திறந்தால் நாளைக்குப் பத்துக் கூட்டம் வரும். தண்ணீர் இரண்டு படி இறங்கிவிட்டால் தெப்பம் தரை தட்டும். சம்பந்தி வீட்டார் சிரிப்பார்கள்."

சம்பந்தி சிரிக்கக் கூடாதாம்! அதற்காக, குளத்துக்கு மண் சுமந்தவர் அந்தக் குளத்தின் வாசலிலேயே தாகத்தில் கிடக்கலாமாம். குருவி அவனை விட்டுக் கிளம்பியது. மடத்துக்குப் பறந்தது. மடத்தை நடத்தி வந்த ஞானசிவத் தம்பிரான் பூசையை முடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

"சாமி, நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் தலைவர் கேட்பார். மலைக்குப் போகிறவர்களுக்காகத்தானே இந்த மடமே இருக்கிறது?"

தம்பிரான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் வருத்தம்தான். ஆனால் மடத்துக்கு நெல் அளப்பது தலைவர். கல்யாணம் முடியட்டும், பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன்."

"அதுவரை அவர்கள் உயிரோடு இருக்க வேண்டாமா?"

"ஆண்டவன் பார்த்துக்கொள்வான்" என்று சொல்லிவிட்டுத் தம்பிரான் உள்ளே போனார். அவர் கையில் இருந்த கமண்டலத்தில் தண்ணீர் அலம்பியது.

குருவி வாசலுக்குத் திரும்பி வந்தபோது நஞ்சப்பன் இறந்திருந்தார். வெள்ளாத்தாள் தகப்பன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அழக்கூட அவள் கண்ணில் நீர் இல்லை. குருவி இறங்கி அவள் எதிரே மண்ணில் நின்றது.

"என் குரலைக் கேட்டுத்தான் கதவைச் சாத்தினார்கள், அம்மா. நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் நீங்கள் உள்ளே வந்திருப்பீர்கள்."

வெள்ளாத்தாள் அதை வெறித்துப் பார்த்தாள். "கதவச் சாத்துனவன் ஒருத்தன். நீ எதுக்கு அந்தப் பாவத்தச் சுமக்கிற? எங்களுக்குப் பின்னால இன்னும் சனம் வந்துக்கிட்டிருக்கு. புள்ளத்தாச்சிக இருக்காங்க, கைக்குழந்தைக இருக்கு. அவங்களுக்கு என்ன செய்யப்போற? அதச் சொல்லு."

குருவி பாதைக்கு அப்பால் வறண்டு கிடந்த ஆற்றுப் பக்கம் திரும்பியது. "ஆறு வளைகிற இடத்தில், நாணலுக்கு அடியில் மணல் ஈரமாக இருக்கும். இரை தேடப் போகும்போது நான் அங்கே குடிப்பதுண்டு. கையால் தோண்டினாலே ஊற்று வரும்."

வெள்ளாத்தாள் தகப்பன் முகத்தை முந்தானையால் மூடினாள். கூட வந்தவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டார்கள். குருவி காட்டிய திசையில் அவர்கள் தள்ளாடித் தள்ளாடி நடந்தார்கள்.

அவர்கள் போய்ச் சிறிது நேரத்தில் பனந்தோப்புத் திருப்பத்தில் மறுபடியும் புழுதி கிளம்பியது. இந்த முறை பெரிய கூட்டம். வேட்டரையனே மதில்மேல் வந்து நின்றான். கீழே கதவு திறந்திருந்தது. கல்யாணச் சாமான் ஏற்றிய வண்டிகள் வரிசையாக உள்ளே போய்க்கொண்டிருந்தன.

"எனக்குக் கண் கூசுகிறது. வருவது சம்பந்தி வீட்டு ஆட்களா, காவடிக்காரர்களா? காவடி என்றால் கத்து. வண்டிகளை உள்ளே இழுத்துக்கொண்டு கதவைச் சாத்த வேண்டும்."

"கத்த மாட்டேன்."

"கத்தாமல் விட்டுப் பார். உன் கூடு என் மதிலில் இருக்கிறது, மறந்துவிடாதே." அவன் கல் இடுக்கில் கையை விட்டு ஒரு முட்டையை வெளியே எடுத்தான்.

குருவி முட்டையைப் பார்த்தது. பாதையைப் பார்த்தது. கூட்டத்தின் முன்னால் ஒருத்தி குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தடுமாறி வருவது தெரிந்தது. கத்தினால் முட்டைகள் பிழைக்கும். கத்தாமல் சும்மா இருந்தாலும், வேட்டரையன் கண்ணுக்குக் காவடி தெரிந்ததும் கதவு சாத்தப்படும். அவர்களும் இந்த மதிலடியில் விழுந்து கிடப்பார்கள்.

அது மதிலை விட்டுக் கிளம்பியது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தால் போக முடியாது என்று அதற்குத் தெரியும். பாதி வழியில், பின்னால் கல்லில் ஏதோ விழுந்து உடைகிற சத்தம் கேட்டது. ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டது. அப்போது குருவியின் அடிவயிற்றிலிருந்து ஒரு குரல் கிளம்பியதே, அந்தக் குரலை அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. கீறிக்கொண்டு வந்தது. அதன் கண்ணோரம் இரத்தமாகச் சிவந்தது.

அந்தக் குரலோடுதான் அது காவடிக்காரர்களின் தலைக்கு மேல் பாய்ந்து சுற்றியது. "போகாதே! அங்கே போகாதே! ஆற்றுக்குப் போ! ஆற்றுக்குப் போ!"

நடந்து வந்தவர்கள் நின்றார்கள். ஆற்று வளைவிலிருந்து வெள்ளாத்தாளும் கையை வீசிக் கூப்பிட்டாள். அத்தனை பேரும் பாதையை விட்டு இறங்கினார்கள். நாணலடியில் தோண்டிய குழியில் கலங்கலாகத் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. முதலில் குழந்தைகள் குடித்தன. பிறகு மற்றவர்கள் குடித்தார்கள். நஞ்சப்பனை அந்தக் கரையிலேயே அடக்கம் செய்தார்கள்.

கல்யாணத்தன்று நெடுமதில் குளத்தில் தெப்பம் ஓடியது. தரை தட்டவில்லை. ஆனால் அதன் பிறகு மலைக்குப் போகிற யாரும் அந்த வாசல் பக்கம் திரும்பவில்லை. ஆற்றங்கரை வழியே புதுத் தடம் விழுந்தது. ஊற்றுக்குப் பக்கத்தில் கீற்றுக் கொட்டகை போட்டு, வழிப்போக்கர்களே அடுப்பு மூட்டினார்கள். மடத்து அடுப்பு அணைந்தது. வழிப்போக்கர்களை நம்பிக் கோட்டைக்குள் கூடிய சந்தையும் போயிற்று. மழை பெய்த வருடத்தில்கூட ஆள் நடமாட்டம் இல்லாமல் கோட்டை வெறிச்சோடியது.

அப்போது தம்பிரான் ஆற்றங்கரைக்கு வந்து குருவியைத் தேடினார். அது வெயிலில், கூழாங்கற்களுக்கு நடுவே நின்றது.

"மதிலில் உனக்கு நல்ல மாடம் கட்டித் தரச் சொல்கிறேன். வந்துவிடு. நீ வந்து உட்கார்ந்தால் சனங்களும் வருவார்கள்."

"நஞ்சப்பன் கேட்ட தண்ணீரைக் கொடுத்தீர்களா, சாமி?"

தம்பிரான் கையிலிருந்த கமண்டலத்தை மேல்துண்டால் மூடினார்.

"அடுத்தவன் மதிலில் கூடு வைத்தால் அவன் சொன்னபோதெல்லாம் கத்த வேண்டும். எனக்கு வெறும் தரை போதும். போங்கள்!" என்று சொல்லி அது அவர் தலைக்கு மேல் எழும்பிக் கத்திய கத்தலில், தம்பிரான் காதைப் பொத்திக்கொண்டு வந்த வழியே நடந்தார்.

இது தெரியாமல் வேட்டைக்குப் போகிறவர்கள், காட்டிக்கொடுக்கிற குருவி என்று அதைத் திட்டுகிறார்கள். திட்டிவிட்டுப் போகட்டும். ஆள்காட்டிக் குருவி மதிலிலும் மரத்திலும் உட்காராமல் வெட்டவெளியில் கல்லோடு கல்லாக முட்டையிடுவதும், காலடிச் சத்தம் கேட்டாலே ஆவேசமாக எழும்பித் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்துவதும் அந்தப் பங்குனிப் பகலிலிருந்துதான்.