பத்து லாரிக்கு ஒரு லாரி

“பத்து லாரி கரிக்கு ஒரு லாரியை நான் எதுக்கு விடணும், சாமியம்மா?”

நிலக்கரிச் சுரங்கக்காரன் வைரக்கண்ணு கேட்டான். கேட்டான் என்ன, சண்டைக்கே வந்தான்.

சாமியம்மா சுரங்கத்து மேட்டில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். அவனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் அவன் யார் சொல்லையாவது கேட்பான் என்றால் இவள் சொல்லைத்தான்.

“யாரு கேக்குறது?”

“ஊரு. பள்ளிக்கூடம் வைக்கணுமாம். எங்க மண்ணு, எங்களுக்குப் பங்குங்கிறான். வெட்டுறவன் நான். என் கரியிலதான் நாலு ஜில்லாவுக்கு விளக்கு எரியுது. போனாப் போகுதுன்னு இருபதுக்கு ஒண்ணு சொல்லியிருக்கேன்.”

“நீ படிச்சியா?”

“மழைக்குக்கூட அந்தப் பக்கம் ஒதுங்கல. கெட்டா போயிட்டேன்?”

“இல்லதான். ஆனா பேரத்தைச் சொந்தக்காரங்ககிட்டப் பேசு.”

“அது யாரு?”

அவள் கடலைத் தோலை ஊதினாள். குழியைக் காட்டினாள்.

சாப்பாட்டு வேளை. ஆட்கள் எல்லாரும் மேலே ஏறியிருந்தார்கள். வைரக்கண்ணு தனியாக இறங்கினான். அடியில் காற்று நின்றுபோயிருந்தது.

“யாருய்யா சொந்தக்காரன்? வா, பேசி முடிச்சுக்கலாம்.”

எதிரொலி வரவில்லை.

காலையில் வெட்டிய கரிச்சுவரில் ஈரமாக ஒரு வரி எழுத்து. சின்ன விரலால் எழுதியது போல. அவன் பார்க்கப் பார்க்க, கீழே இன்னொரு வரி ஊறியது.

“வாசிச்சுச் சொல்லுங்கய்யா.”

பிள்ளைக் குரல். சுவருக்குள்ளிருந்து.

“யாரு?”

“நாங்க இன்னும் பொறக்கலங்கய்யா. எங்க பேருதான் அது. சரியா எழுதியிருக்கமான்னு வாசிச்சுச் சொல்லுங்க.”

இப்போது பல குரல்கள். அழுகை இல்லை, அதட்டல் இல்லை. காத்திருந்தன.

மூன்றாவது வரி ஊறியது.

வைரக்கண்ணு விறுவிறுவென மேலே ஏறி வந்தான்.

“நீங்க வந்து வாசிங்க, சாமியம்மா.”

“எனக்கு ஏது எழுத்து?”

“ஊர்ல வேற யாரு?”

“ஒருத்தரும் இல்ல.”

கீழே குரல்கள் நிற்கவில்லை. இப்போது மேடு வரைக்கும் கேட்டது.

சாமியம்மா மடியை உதறி எழுந்தாள்.

“சரி, அதை விடு. இருபதுக்கு ஒண்ணோட முடிச்சுக்குங்கன்னு ஊர்ல சொல்லிடறேன்.”

அவள் நாலடி நடந்திருப்பாள். வைரக்கண்ணு ஓடிப் போய் வழியை மறித்தான்.

“பொறுங்க.”