முதல் அடி

நீலாவதியிடம் சீடராகச் சேர்ந்தபோது வேதாசலத்துக்கு அறுபத்திரண்டு வயது. குருவுக்கு நாற்பத்தைந்து.

வேதாசலம் போக்குவரத்துக் காவலில் முப்பத்தைந்து வருஷம் வெயிலில் நின்றவர். நீலாவதி அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவர். வேலையை விட்டபின் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் இருந்த அறையில், தினமும் காலையில் பத்துப் பன்னிரண்டு பேரோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார். யாராவது கேட்டால் பதில் சொல்வார். கேட்காவிட்டால் டீ போட்டுக் கொடுப்பார்.

ஐப்பசியில் ஒரு புதன்கிழமை. மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் அறைக்குள் தலையை நீட்டினார்.

"அம்மா, நம்ம ஆத்துல திமிங்கலம் வந்து கிடக்குதாம்."

யாரும் நம்பவில்லை. நகரத்துக்கு நடுவில் ஓடும் ஆறு அது. சாக்கடையும் ஆகாயத்தாமரையும்தான் அதில் வரும். கடல் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

குருவும் சீடரும் நடந்தே போனார்கள். பாலத்தின் மேல் பஸ்கள் நின்றுபோயிருந்தன. ஒரு டிரைவர் கீழே இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி நின்றார். அவருக்குப் பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

வேதாசலம் எட்டிப் பார்த்தார்.

கறுத்த தண்ணீரில், ஒரு பஸ் நீளத்துக்கு, அது கிடந்தது. வெள்ளத்தோடு உள்ளே வந்திருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் சேற்றில் தரைதட்டிவிட்டது. முதுகின் மேல் ஒரு பிளாஸ்டிக் பை ஒட்டியிருந்தது.

"அம்மா, இது எப்படி இங்க..." என்றார்.

நீலாவதி ஏற்கெனவே படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்.

கரை முழுக்க ஜனம். முதலில் வந்தவர்கள் பேசாமல் நின்றார்கள் என்று சொன்னார்கள். இப்போது அப்படி இல்லை. ஒரு பெண் கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள். ஒருவர் பன் வாங்கிப் பிய்த்து எறிந்தார். நான்கு பேர் அதன் வால் அருகே நின்று வீடியோ எடுத்தார்கள். ஐந்தாவது ஆள் முதுகில் ஏறப் பார்த்து வழுக்கி விழுந்தான். கரையே சிரித்தது. அதிகாரிகள் வருகிறார்கள், வருகிறார்கள் என்றார்கள். அவர்கள் வண்டி பாலத்துக்கு அந்தப் பக்கம் நெரிசலில் மாட்டியிருந்தது.

முகத்துவாரத்துக் குப்பத்திலிருந்து வந்த ஒரு மீனவப் பெண் மட்டும் இடுப்பளவு தண்ணீரில் நின்று, ஈரச் சாக்குகளை அதன் மேல் போர்த்திக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் நாலரைக்கு ஓதம் ஏறும், கடல் தண்ணி உள்ள வரும். ஏறிச்சுன்னா அதுவே திரும்பிடும். அதுவரைக்கும் தோலு காயக் கூடாது" என்றாள்.

நீலாவதி புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ஒரு சாக்கை நனைத்து முதுகில் போட்டார்.

வேதாசலம் கரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"அம்மா, இவங்களுக்கெல்லாம் மனசே கிடையாதா?"

நீலாவதி இன்னொரு சாக்கை அவரிடம் நீட்டினார். "இதை நனைச்சுப் போடுங்க."

"நீங்க போடுங்கம்மா. நான் கூட்டத்தைப் பார்த்துக்கிறேன்."

நீலாவதி அந்தச் சாக்கையும் தானே நனைத்தார்.

வேதாசலம் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டார். "தள்ளுங்க, தள்ளுங்க" என்று தொண்டை வற்றக் கத்தினார். ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கம் வந்தார்கள். அவருடைய பழைய குரலுக்கு இப்போது யாரும் அசையவில்லை. மணி பன்னிரண்டைத் தாண்டியது. திமிங்கலம் அசைவற்றுக் கிடந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவில் நெடுநேரம் ஆயிற்று.

"செத்துருச்சு" என்று யாரோ சொன்னார்கள். அது கரை முழுக்கப் பரவியது. "அறுக்கிறதுக்கு மிஷின் வருதாம். துண்டு போட்டு லாரியில ஏத்தப் போறாங்களாம்."

அப்போதுதான் அந்த ஆளை வேதாசலம் பார்த்தார். நாற்பது வயதிருக்கும். சட்டையெல்லாம் பெயின்ட் சொட்டுகள். தலைப்பக்கமாகக் கணுக்காலளவு தண்ணீரில் இறங்கியிருந்தார். கையில் நீளமான கம்பு. அந்தக் கம்பின் நுனியைத் திமிங்கலத்தின் உச்சியில் இருந்த மூச்சுத் துளைக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தார்.

வேதாசலத்துக்குக் காலையிலிருந்து உள்ளே கொதித்தது எல்லாம் ஒன்றாகப் பொங்கியது. சேற்றில் விழுந்தடித்து ஓடினார். அந்த ஆளின் தோளைத் திருப்பி, கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

"மூக்குக்குள்ளயா குத்துற? நீ மனுஷனா?"

அறை விழுந்த சத்தம் கரைக்குக் கேட்டது.

"சார், நான்..." என்றார் அந்த ஆள்.

அதற்குள் கரையிலிருந்து ஒருவன் குதித்தான். பின்னாலேயே பத்துப் பேர். "வாயில்லா ஜீவன்டா அது!" என்று கத்திக்கொண்டு ஒருவன் உதைத்தான். காலையில் வால் அருகே வீடியோ எடுத்தவன் அவன். கற்பூரம் ஏற்றிய பெண் அழுதுகொண்டே செருப்பைக் கழற்றினாள். பெயின்ட் சட்டை சேற்றுக்குள் போனது.

"போதும், விடுங்க, அடிக்காதீங்க!" வேதாசலம் கத்தினார். ஒருவனின் கையைப் பிடித்து இழுத்தார்.

அவன் மரியாதையாகத்தான் சொன்னான். "நீங்க ஓரமா நில்லுங்க சார். இனிமே நாங்க பார்த்துக்கிறோம்."

வேதாசலத்தின் கை தானாக விட்டது.

நீலாவதி கூட்டத்துக்குள் புகுந்து, கீழே கிடந்தவரின் மேல் கவிழ்ந்து படுத்தார். அவருக்கும் ஒரு உதை விழுந்தது. யார் உதைத்தார்கள் என்று தெரியவில்லை.

அந்த நேரத்தில் திமிங்கலம் மூச்சு விட்டது.

பெரிய டயர் வெடித்ததுபோல ஒரு சத்தம். வெதுவெதுப்பான நீர்த்துளிகள், நாற்றத்தோடு, எல்லோர் முகத்திலும் விழுந்தன. ஓங்கிய கைகள் அப்படியே நின்றன.

"ஐயோ, உசுரோட இருக்கு!"

அடித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். செல்போன்கள் உயர்ந்தன. யாரோ கைதட்டினார்கள். காலடியில் ஒரு மனிதர் கிடப்பது அங்கே ஒருவருக்கும் நினைவில்லை.

வேதாசலமும் நீலாவதியும் அவரைப் புரட்டித் தூக்கினார்கள். வாயெல்லாம் ரத்தமும் சேறும். இடது தோள் தொங்கியது. பல் ஒன்று உதட்டில் ஒட்டியிருந்தது.

"அது... மூச்சு விட்டுச்சா?" என்றார் அவர்.

கம்பு பக்கத்தில் மிதந்தது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் உருளையை மாட்டுகிற கம்பு. நுனியில் உருளை இல்லை. ஒரு கொத்துப் பஞ்சு நூலால் கட்டியிருந்தது. சாகக் கிடப்பவர்களின் மூக்கருகே வைத்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

வேதாசலம் அந்தப் பஞ்சையே பார்த்தார். யாரோ தன்னைத் தண்ணீருக்குள் அழுத்திப் பிடித்தது போலிருந்தது. காது அடைத்துவிட்டது.

"அறுக்கப் போறாங்கன்னு சொன்னாங்க சார். உசுரு இருந்தா எப்படி அறுக்கிறதுன்னுதான்..." என்று சொல்லிவிட்டு அவர் கண்ணை மூடினார்.

அவர் பெயர் காத்தவராயன். மருத்துவமனைச் சீட்டில் எழுதும்போதுதான் தெரிந்தது. கழுத்தெலும்பு முறிந்திருந்தது. இரண்டு பல் போயிருந்தன. உயிருக்கு ஒன்றுமில்லை என்றார் டாக்டர். நீலாவதியின் புருவத்துக்கு மேல் மூன்று தையல்.

நான்கு மணிக்கு ஜெராக்ஸ் கடைக்காரர் போன் செய்தார். நீலாவதி கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

"ஓதம் ஏறறதுக்குள்ள உசுரு போயிருச்சாம்" என்றார்.

வேதாசலம் எழுந்து கட்டிலுக்கு அருகே போனார். காத்தவராயன் விழித்திருந்தார்.

"மீனு என்ன ஆச்சு சார்?"

"செத்துப்போச்சு."

காத்தவராயனின் கண்ணிலிருந்து நீர் காது வரை ஓடியது. துடைக்க அவரால் கையைத் தூக்க முடியவில்லை. வேதாசலம் துடைக்கக் கையைக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்தினார்.

"உங்களை முதல்ல அடிச்சது நான்தான்."

காத்தவராயன் அவர் முகத்தைப் பார்த்தார்.

"என்ன பண்றேன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்" என்றார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

வேதாசலம் வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் நீலாவதி. சேறு இருவர் உடையிலும் காய்ந்து உதிர்ந்தது. வார்டு ஆள் ஒருவர் அதைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே பெருக்கிப் போனார்.

"அம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அந்த ஜீவன் மேல இருந்த இரக்கத்துலதான் நான் கை ஓங்கினேன். வேற எதுவும் இல்ல. பொய் சொல்லல."

"தெரியும். பொய் இல்ல."

"அப்ப எனக்குப் பின்னாடி வந்து அடிச்சாங்களே, அவ்வளவு பேர். அவங்க எதனால அடிச்சாங்க?"

நீலாவதி அவர் பக்கம் திரும்பினார். தையலுக்குக் கீழே கண் வீங்கிப் பாதி மூடியிருந்தது.

"அவங்களும் இரக்கத்துலதான் அடிச்சாங்க ஐயா" என்றார்.