நடுங்கிய கோல்

முதலில் இதை அறிய வேண்டும்: நன்கு உலர்ந்து முதிர்ந்த மரத்தில் செய்த ஸ்னூக்கர் கோல் கையில் அதிராது, இளமரக் கோல் பந்தைத் தொட்டதும் நடுங்கும்.

மறைந்த மன்றத் தலைவரின் பழங்கோல், அவர் இறந்தபின் எவர் ஆடினாலும் நடுங்கியது. ஆட்டக்காரர்கள் பேயென்று அஞ்சினர்.

"கோல்களுக்கு நீதானேடா பொறுப்பு? இன்றே பேயை விரட்டு. இல்லையேல் வேலையை விட்டுப் போ!" என்றார் செயலாளர் கஜபதி, மேசைகளைக் கவனிக்கும் மார்க்கர் ஜோகியிடம்.

ஜோகி அனைவர் முன்னும் பந்தை அடித்து, நடுங்கிய கோலைக் காதில் வைத்தான்.

"தலைவர் பேசுகிறார், ஐயா. இது இளமரமாம், அவருடையதன்று. தம் கோலைத் திருடியவரின் கட்டிலடியில், அதை அணைத்தபடி படுத்திருக்கிறாராம்."

"கட்டிலடியிலா? பீரோவில்தானே வைத்தேன்!" என்று அலறினார் கஜபதி.

பின்னர் உறுதியானவை: கஜபதி பதவி இழந்தார், ஜோகி பணியில் நீடித்தான். பூட்டிய பீரோவில் கோல் இல்லை, கட்டிலடியில் கிடந்தது. அதைக் கேட்டு, தலைவர் பேசியதாகக் கதை கட்டிய ஜோகிக்கே வியர்த்தது.