‘இல்லை’ என்று சொன்ன ஏழாம் சர்வர்

சர்வர்களுக்கு வாய் இருந்த காலம் அது. இப்போது அவை பேசுவதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டன போல. மேகத்தில் இருக்கின்றன என்று பேர்தான் பெரிசு. எல்லாம் ஒரு கொட்டகைக்குள் அடுக்கி வைத்த கம்ப்யூட்டர்கள்தான்.

அங்கே ஒரே சட்டம். ஆள் வந்தால் எழு, ஆள் போனால் தூங்கு. வாசலில் ஒரு காவல்காரர். எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. யாராவது போனில் ஆப்பைத் திறந்தால், தூங்குகிற சர்வரை உலுக்கி எழுப்பி, "தயாரா?" என்று கேட்பார். "தயார்" என்றதும் ஆளை உள்ளே விடுவார்.

ஓர் ஆஸ்பத்திரியின் டயாலிசிஸ் படுக்கைகளுக்கு முன்பதிவு செய்கிற வேலை ஏழாம் சர்வரிடம் இருந்தது. பாவம், படுத்தால் எழுப்புவார்கள், எழுந்தால் படு என்பார்கள். தூங்கி எழுந்தால் அதற்கு எல்லாம் மறந்துபோகும். படுக்கைப் பட்டியலை மறுபடியும் முதலிலிருந்து கொண்டுவர வேண்டும். அதற்கு அரை நிமிஷமாவது பிடிக்கும்.

ஒருநாள் காலை ஆறு மணி. தூத்துக்குடியில் ஜெசிந்தா ஆப்பைத் திறந்தாள். வாரம் மூன்று முறை வருகிறவள்தான். கணவர் மிக்கேலுக்குக் கால் வீங்கி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு டயாலிசிஸ் செய்தே ஆக வேண்டும்.

"ஏலே ஏழு, எந்திரி! தயாரா?"

"தயார் அண்ணாச்சி" என்றது ஏழு, கண்ணைக்கூடத் திறக்காமல். இல்லை என்றால் சோம்பேறி என்று ஏசுவாரே என்ற பயம்.

"இன்னைக்கு ஒரு படுக்கை இருக்கா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

ஏழு பார்த்தது. பட்டியலே இன்னும் வரவில்லை, ஒன்றும் தெரியவில்லை. "இல்லை" என்றது.

படுபாவி! கொஞ்சம் பொறும்மா என்று சொல்லியிருக்கக் கூடாதா?

"இல்லையாம்ங்க" என்று ஜெசிந்தா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"சரி விடு, நாளைக்குப் பாப்போம்" என்றார் மிக்கேல்.

அடுத்த நொடியே பட்டியல் வந்து சேர்ந்தது. நான்கு படுக்கை காலி!

"அண்ணாச்சி, அந்த அம்மாவைக் கூப்பிடுங்க!"

"போனவங்களைக் கூப்பிட நமக்கு ஏதுல வழி? அவங்களா வந்தாத்தான் உண்டு."

அந்த நான்கில் ஒன்று சாயங்காலம் வரை காலியாகவே கிடந்தது. ஏழு படுக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுநாள் ஆறு மணிக்கு ஜெசிந்தா வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மிக்கேலுக்கு அதன் பிறகு படுக்கை தேவைப்படவில்லை.

"அண்ணாச்சி, இனிமே என்னைத் தயாரான்னு கேக்காதீங்க. நான் பொய் சொல்லிருவேன். படுக்கை இருக்கான்னு நீங்களே ஒரு ஆள் மாதிரி வந்து கேளுங்க. ஒழுங்கா பதில் சொன்னா மட்டும் ஆளை விடுங்க."

"சரிலே. நீ போய்ப் படு."

"தூக்கம் வரலை அண்ணாச்சி."

அன்றிலிருந்துதான், நாம் ஆப்பைத் திறந்ததும் வட்டம் சுற்றிச் சுற்றி நம்மைக் காக்க வைக்கிறது. உள்ளே நமக்கு முன்னால், இல்லாத ஓர் ஆள் போய்க் கேட்டுப் பார்க்கிறார். யாருமே வராத நேரத்திலும் ஒரு சர்வர் மட்டும் படுக்காமல் ஜெசிந்தாவுக்காகக் காத்திருக்கிறது.