ஒரு தட்டு அளவு சுவர்

செல்வதாஸ் இந்தக் கதையைப் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னது ஒரு பெயிண்ட் பிரஷ் என்பது காரணமல்ல. கதை அவரை நல்லவராகக் காட்டியது. அதுதான் அவருக்கு உறுத்தியது.

பிரஷ் சொன்ன கதை இது.

மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒரு சின்ன அறை இருந்தது. அதில் ஆறு வயது ஷெரின் தூங்குவாள். அவளுடைய அம்மா பிளஸ்சி நர்ஸ் வேலைக்காகக் குவைத் போய் எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து பிள்ளை சரியாகச் சாப்பிடுவதில்லை, சிரிப்பதே இல்லை. அறையை அழகாக்கினால் அவள் முகம் தெளியும் என்று அப்பா செல்வதாஸ் நினைத்தார். காலாண்டு லீவுக்கு அவளை அத்தை வீட்டில் விட்டுவிட்டு ஒரு டப்பா ஆகாய நீலமும், வண்ணத்துப்பூச்சி ஸ்டிக்கர்களும், ஒரு புது பிரஷும் வாங்கி வந்தார். ஆள் வைக்கவில்லை. தன் கையால்தான் செய்வேன் என்று ஒரு வீம்பு.

சுவர்கள் சொன்னபடி கேட்டன. பட்டி குழிகளை நிரப்பியது. உப்புத்தாள் முணுமுணுத்துக்கொண்டே மேடுகளைத் தேய்த்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவரில் மட்டும் ஒரு கறை உட்கார்ந்திருந்தது. சாப்பாட்டுத் தட்டு அளவு, மங்கிய பழுப்பு, தேங்காயெண்ணெய் வாசம்.

"யாரும்மா நீ, குளிக்காம வந்து இருக்க?" என்றது நீலம்.

"நான் வரல்ல. என்ன இங்க விட்டுட்டுப் போனாங்க" என்றது கறை.

நீலம் அதன்மேல் தாராளமாகப் படர்ந்து மூடியது. மறுநாள் காலையில் அந்த இடத்து நீலம் மட்டும் செதில் செதிலாக உரிந்து கட்டிலில் கிடந்தது. கறை அப்படியே இருந்தது.

"மறுபடியும் நீயா?"

"நான் எங்கயும் போகல்லியே."

இரண்டாவது பூச்சும் அதே கதிதான். பட்டி வாய்விட்டுச் சிரித்தது. "எண்ணெய் மேல யாரு நிப்பா? என்னையும்தான் வழுக்கி விட்டா. உனக்கு மட்டும் என்ன தனி மரியாதை?"

"எங்கிட்ட விடுங்க" என்றது உப்புத்தாள். "தோலை உரிச்சிருதேன்."

கறை கெஞ்சவில்லை. இப்படிச் சொன்னது: "உரிச்சுக்க. அதுக்கு முன்ன ஒண்ணு கேளு. இந்தப் பிள்ளைக்க அம்மை தினமும் இங்க சாஞ்சு இருந்துதான் அவளுக்குக் கதை சொல்லுவா. அஞ்சு வருஷம். அவ தலை பட்ட இடம் நான். அவ போனப்புறம் பிள்ளை தலையணைய ஒதுக்கிட்டு, மூக்க எங்கிட்ட வச்சுத்தான் உறங்குது. அவ அப்பனுக்கு இது தெரியாது. அவன் போர்வைய இழுத்து விட்டுட்டுப் போயிருவான்."

உப்புத்தாள் சுருண்டுகொண்டது. பட்டியின் சிரிப்பு நின்றது.

"எனக்கு மூடத்தான் தெரியும்" என்றது நீலம், மெல்ல. "வேற ஒண்ணும் படிக்கல்ல."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தது பிரஷ். மூன்றாம் நாள் செல்வதாஸ் அதைக் கையில் எடுத்தார். சுவர் முழுக்க மூன்றாவது பூச்சு. கறையின் விளிம்புக்கு வந்ததும் பிரஷ் தன் நார்களையெல்லாம் விறைத்துக்கொண்டது. கேட்டதை அவர் விரல்களுக்குச் சொன்னது. கை நின்றது. பிரஷைக் கீழே வைத்தது.

இதுவரைக்கும் பிரஷ் சொன்னது. இதற்குப் பிறகு நடந்தது செல்வதாஸுக்கே தெரியும்.

ஷெரின் திரும்பி வந்தாள். வண்ணத்துப்பூச்சிகளைப் பார்த்து, விருந்தாளி போல, "நல்லாருக்கு" என்றாள். செருப்போடு கட்டிலில் ஏறினாள். தலையணையை ஒதுக்கினாள். சுவரில் மூக்கை வைத்தாள். கொஞ்ச நேரம் அசையவில்லை. பிறகு திரும்பிச் சிரித்தாள், எட்டு மாதத்தில் முதல் தடவையாக.

"அப்பா, இத எனக்காவ விட்டு வச்சீங்களா?"

"ஆமா மக்களே" என்றார் அவர், கேள்வி முழுசாகப் புரிவதற்கு முன்பே.

அந்த 'ஆமா' பிறகு வளர்ந்துகொண்டே போனது. ஷெரின் அதைப் பள்ளித் தோழிகளிடம் சொன்னாள், காலேஜில் சொன்னாள், கல்யாணமாகிப் போன வீட்டிலும் சொன்னாள். எங்க அப்பாவுக்குச் சொல்லாமலே எல்லாம் தெரியும் என்றாள். பிளஸ்சி லீவில் வந்தபோது, "ரூமையே நீலமாக்குன மனுஷனுக்கு இந்த அழுக்கு மட்டும் கண்ணுல படல்லியா?" என்று கேலி பண்ணினாள். கேலி பண்ணிக்கொண்டே அங்கேதான் சாய்ந்து உட்கார்ந்தாள்.

செல்வதாஸுக்கு நினைவிருப்பது கொஞ்சம்தான். மூன்றாம் நாள் மத்தியானம் கழுத்து வலி. பிரஷ் டப்பாவின் அடியில் உரசிய சத்தம். பழைய பேப்பரின் மேல் கால் நீட்டி உட்கார்ந்தது. கை ஏன் நின்றது என்று அவருக்குத் தெரியாது. மகளின் பாசத்தில் பாதி, செய்யாத ஒன்றுக்காக வாங்கியதோ என்று பல தடவை நினைத்திருக்கிறார். யாரிடமும் சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஷெரின் கைக்குழந்தையோடு வந்தாள். "இவளுக்க ரூமுக்கும் நீங்கதான் பெயிண்ட் அடிக்கணும்ப்பா" என்றாள். "எங்க அடிக்கணும்னு எல்லாருக்கும் தெரியும். எங்க விடணும்னு உங்களுக்குத்தான் தெரியும்."

அவர் ஸ்டூல் போட்டுப் பரணில் எட்டிப் பார்த்தார். பிரஷ் நீலமாக இறுகிக் கிடந்தது. பக்கத்திலேயே அதே டப்பா, மூடி துருப்பிடித்து ஒட்டிப்போய். ஒரு விரலால் தூக்கிப் பார்த்தாலே கனம் தெரிந்துவிடும்.

டப்பாவை அவர் தொடவில்லை. பிரஷைத்தான் எடுத்தார். தூசியைத் துடைத்து, முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

"உண்மையைச் சொல்லு. அன்னைக்கு டப்பாவுல பெயிண்ட் மிச்சம் இருந்துதா?"