துரைக்குப் பச்சைக் கறி

கோட்டான்விளையில் ஒரு வீடு. அந்த வீட்டில் மூளைக்குப் பஞ்சமில்லை. அண்ணன் தம்பி மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று இருந்தது. அது யாரிடம் இருக்கிறது என்பதில்தான் கொஞ்சம் குழப்பம். மூத்தவன் சவரிராயன், நடுவன் இன்னாசி, கடைக்குட்டி வியாகுலம். சவரிராயனுக்கு வாழ்க்கைப்பட்ட ரெஜினாள் போன மாதம்தான் ஒரு பெண் குழந்தையைப் பெற்றிருந்தாள்.

ரெஜினாளுக்கு எதற்கெடுத்தாலும் பயம். குழந்தை தும்மினால் பயம். தும்மாவிட்டால் அதைவிடப் பயம். அவளுக்கு இருந்த ஒரே தைரியம் துரை என்கிற நாய். துரை தொட்டிலுக்கடியில் படுத்தால்தான் குழந்தை தூங்கும். குழந்தை தூங்கினால்தான் இவள் மூச்சு விடுவாள். அந்தத் துரை சோற்றை முகர்ந்துவிட்டு வாசலிலேயே சுருண்டுவிட்டது. உள்ளே குழந்தை வீறிட்டது.

"துரைக்கு ஒண்ணு ஆச்சுன்னா இந்தப் பிள்ளை கல்யாணம் வரைக்கும் தூங்காது," என்று அழுதாள் ரெஜினாள்.

அண்ணன் தம்பிகள் துரையைத் தூக்கிக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நாய் என்றால் பார்ப்பார்களோ என்னவோ என்று, வழியெல்லாம் அதற்கு 'அம்மா' என்று கத்தச் சொல்லிக்கொடுத்தான் வியாகுலம்.

டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். "சாம்பார் சோறு போட்டே கெடுத்து வச்சிருக்கீங்க. கொஞ்ச நாளைக்குக் கறியைப் பச்சையாக் குடுங்க. பச்சையாத்தான் குடுக்கணும், தெரியுதா?"

கறி வாங்கி வந்து தாம்பாளத்தில் பரப்பினார்கள். சுற்றி உட்கார்ந்து பார்த்தார்கள்.

"சிவப்பால்லா இருக்கு," என்றான் இன்னாசி.

"ஆடு புல்லுதானல திங்கு? உள்ளே போகப் போகப் பச்சையாத்தான் இருக்கும். கடைக்காரன் மேலாப்புல வெட்டிக் குடுத்துட்டான்," என்றான் சவரிராயன்.

போய்க் கேட்டார்கள். கடைக்காரர் கத்தியைத் தீட்ட ஆரம்பித்தார். திரும்பி வந்துவிட்டார்கள்.

ரெஜினாளுக்குத்தான் யோசனை வந்தது. இருக்கிற இலையிலேயே ரொம்பப் பச்சை மருதாணிதானே? அரைத்துப் பாதிக் கறிக்கு அப்பினாள். நன்றாகக் காயட்டும் என்று காத்திருந்து கழுவினாள். கறி கல்யாணப் பெண் கை மாதிரி செக்கச்செவேலென்று பிடித்திருந்தது.

"இதுக்கு நாம கறிகூட வம்புக்கே போயிருக்க வேண்டாம்," என்றான் இன்னாசி.

வியாகுலம் தொண்டையைக் கனைத்தான். "அண்ணே, பச்சை பச்சையாத் திட்டுறான்னு சொல்லுதாங்கல்லா? கறியைத் திட்டிட்டுப் போடணும் போல."

அதுதான் சரி என்று எல்லோருக்கும் பட்டது. ரெஜினாள் குழந்தையின் காதைப் பொத்தினாள். எல்லோரும் வெட்கம் தாங்காமல் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். சவரிராயன் வெகுநேரம் யோசித்து, "ஏ கறி, நீ நல்லாவே இருக்க மாட்டே," என்றான்.

"அண்ணே, மதினி இருக்காங்க. பார்த்துப் பேசுங்க," என்றான் வியாகுலம்.

கண்ணைத் திறந்தபோது மருதாணி போடாத பாதிக் கறியைக் காணவில்லை. துரை வாயை நக்கிக்கொண்டு நேரே தொட்டிலடிக்குப் போய்ப் படுத்தது. குழந்தை தூங்கிவிட்டது.

"அய்யோ, சிவப்பாவே தின்னுட்டு," என்று நடுங்கினாள் ரெஜினாள். தூங்குகிற குழந்தை, ஏப்பம் விடுகிற நாய் இரண்டையும் வாரிக்கொண்டு குடும்பமே ஆஸ்பத்திரிக்கு ஓடியது.

டாக்டர் வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சிவப்புக் கறியைத் தின்னுட்டு, சார்."

"அதைத்தான்யா பச்சைன்னு சொன்னேன்." பிறகு ரெஜினாளைப் பார்த்தார். "நீயே பச்சை உடம்புக்காரி. இந்தப் பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வெயில்ல ஏம்மா அலையுறே?"

ரெஜினாள் பிள்ளையைப் பார்த்தாள். மாநிறம். தன் கையைப் பார்த்தாள். மருதாணியில் ரத்தச் சிவப்பு. அவளுக்குக் கண் கலங்கியது.

"பாவம்ங்க," என்று புருஷன் காதில் சொன்னாள். "சாருக்கு எல்லாமே பச்சையாத் தெரியுது."

சவரிராயன் டாக்டர் கையிலிருந்த பைக் சாவியைப் பிடுங்கினான். "இந்தக் கண்ணை வச்சுக்கிட்டு சிக்னலை எப்படி சார் தாண்டுவீங்க? ஏறி உக்காருங்க, நாங்க தள்ளுதோம்."

அவர் சொன்னது எதுவும் எடுபடவில்லை. சிக்னல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள். விளக்கு மாறியது.

"பச்சை விழுந்தாச்சு, தள்ளுங்கய்யா," என்றார் டாக்டர்.

"பச்சைங்கார். அப்ப சிவப்பு. நில்லுங்கல," என்றான் சவரிராயன்.

இன்னாசி அண்ணாந்து பார்த்தான். "அண்ணே, எனக்கும் பச்சையாத்தான் தெரியுது."

"தொத்திக்கிட்டா?" ரெஜினாள் சட்டென்று குழந்தையின் கண்ணைப் பொத்தினாள். துரை மட்டும் நிம்மதியாக ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கம் நின்று வாலாட்டியது. அதற்கும் தொத்திவிட்டது.

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, டாக்டர் உட்பட எல்லோரையும் பரம்பரையோடு சேர்த்துத் திட்ட ஆரம்பித்தார். நிறுத்தாமல் திட்டினார். வியாகுலம் மெய்ம்மறந்து கேட்டுக்கொண்டு நின்றான்.

"அண்ணே," என்றான் வருத்தத்தோடு, "மிச்சக் கறியைக் கையோட கொண்டாந்திருக்கலாம்."