முன் சக்கரம் அழுத வண்டி

"ஓடுறப்ப மட்டும்தான் தம்பி. நிறுத்தினா சத்தமும் நின்னுருது."

"நிறுத்தினா எல்லா வண்டிக்கும் நின்னுரும்ணே."

சொன்னவன் சம்சுதீன். மலையடிவாரத்துல ஒர்க்‌ஷாப் வெச்சிருக்கான். பொன்னுரங்கத்தைவிட வயசுல சின்னவன்தான். ஆனா பொன்னுரங்கம் தன் பிக்கப்பைக் கழட்டி மாட்டக் கத்துக்கிட்டது அவன்கிட்ட.

"முன் சக்கர ஆக்ஸில்ல மாட்டுற ரப்பர் சீல், அதை ரெண்டு தடவை மாத்திட்டேன். ரெண்டுமே புதுசு. மாத்த மாத்த ஜாஸ்தியா அழுவுது."

"ம்."

"நாளைக்கு சாமி இறங்குது தம்பி."

வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்கோயில் சாமி ஆத்துக்குக் குளிக்க இறங்கும். இந்த வருஷம் பொன்னுரங்கம் வண்டியிலன்னு பேச்சு. காலையில பூசாரி ஒரு தடவை ஏறிப் பாத்தார். அழுவுற வண்டியில சாமி ஏறாதுன்னு இறங்கிட்டார்.

இப்ப எதிர் டீக்கடையில உக்காந்திருக்கார். பொழுது சாயறதுக்குள்ள சத்தம் நிக்கலேன்னா வேற வண்டி.

சம்சுதீன் புது ரப்பர் சீல் ஒண்ணு எடுத்தான். உள் விளிம்புல விரலால கிரீஸ் தடவினான். நீட்டினான்.

"என் கண்ணு முன்னால மாட்டுங்க."

பொன்னுரங்கம் சக்கரத்தைக் கழட்டினார். பழைய சீலை நெம்பி எடுத்தார். ஆக்ஸிலைப் பெட்ரோல் போட்டுக் கழுவினார். அப்புறம் வெள்ளைத் துணி எடுத்து, புது சீல்ல இருந்த கிரீஸை ஒட்டத் துடைச்சார்.

"அது எதுக்குண்ணே?"

"பூசாரி சொல்லியிருக்காரு. சாமி ஏறுற வண்டியில எங்கயும் பிசுக்கு இருக்கக்கூடாது."

"எங்கயும்னா?"

"எங்கயும்."

மாட்டினார். சக்கரத்தைச் சுத்தினார். கீச்சுன்னு அழுதுச்சு. டீக்கடையில பூசாரி தலையைத் திருப்பினார்.

சம்சுதீன் ஸ்பானரைக் கீழ வெச்சான்.

"ஆத்துல குளிப்பாட்டினதும் சாமியை அப்படியே மேல கொண்டு போயிருவீங்களா?"

"அதெப்படி? எண்ணெய்க்காப்பு போட வேணாமா?"

"குளிச்சாச்சே. சுத்தமாத்தானே இருக்கும்."

"சுத்தமா இருந்தா ஆச்சா? வெறுங்கல்லா விட்டா காஞ்சு..."

பொன்னுரங்கம் நிறுத்திட்டார்.

சக்கரத்தைத் திரும்பக் கழட்டினார். சம்சுதீன் கிரீஸ் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தி வெச்சான்.

பூசாரியை ஏத்திக்கிட்டு செக்போஸ்ட் வரைக்கும் போய்த் திரும்பினாங்க. இன்ஜின் சத்தம் மட்டும்தான். பூசாரி முகத்துல ஒண்ணும் தெரியல. அதுல என்னிக்குமே ஒண்ணும் தெரியாது.

ஒர்க்‌ஷாப் வாசல்ல இறங்கினார். முன் சக்கரத்துக்குப் பின்னால குனிஞ்சார். விரலை விட்டுப் பாத்தார். விரல் கறுப்பாச்சு.

"என்னப்பா இது?"

"கிரீஸுங்க."

"துடைச்சிரு."

பொன்னுரங்கம் கை தோள்ல கிடந்த துணிக்குப் போச்சு. சம்சுதீன் வேற எங்கயோ பாத்துக்கிட்டு இருந்தான்.

"அது இருக்கணும் பூசாரியய்யா." பொன்னுரங்கம் கையை இறக்கினார்.

"சாமி ஏறுற வண்டி."

"அதனாலதாங்க. துடைக்கணும்னா வேற வண்டி பாத்துக்குங்க."

பூசாரி விரலை வேட்டியில துடைக்கப் போனவர், துடைக்கல. முன் சீட்டுல ஏறி உக்காந்தார்.

பொன்னுரங்கம் சம்சுதீன்கிட்ட ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"ஏம்ப்பா பொன்னுரங்கம், பூக்கடை சாத்திருவான். வண்டியை எடு."

பொன்னுரங்கம் போனார்.